நாலு வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கல – கிரவுன் பினியன் போச்சுன்னு சொல்றாங்க, நிசமா?

கள்ளிக்குடி_கரிசல்

அண்ணன்மார்களே, கொஞ்சம் நீளமான சந்தேகம். வண்டி பழைய டீசல் ஜீப்பு. தேவைப்பட்டா மட்டும் நாலு வீல் போடுற டைப், முன் ஹப்பை (சக்கரத்து நடுக்குடம்) இறங்கிக் கையால திருகி லாக் பண்ணணும், அப்பத்தான் முன் சக்கரம் ஆக்சிலோட சேரும். போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு இருந்த வண்டியை நாலு வருசத்துக்கு முன்னாடி வாங்கினோம். உரமும் மக்காச்சோள மூட்டையும் ஏத்துறதுதான் இப்ப அதுக்கு வேலை.

போன வாரம் மழை. கரிசல் மண்ணு தெரியும்ல, காஞ்சா பாறை, நனைஞ்சா பசை. ஓடை இறக்கத்துல வண்டி உக்காந்துருச்சு. ரெண்டு ஹப்பையும் லாக் பண்ணி, லீவரைப் போட்டுப் பைய கிளட்ச் விட்டேன். பின்னாடி இடது சக்கரம் மட்டும் சுத்தி எங்கப்பா வேட்டி பூராம் சேறு. முன் சக்கரம் ரெண்டும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சு. கடைசியில பங்காளி டிராக்டரைக் கூப்பிட்டு இழுத்தோம்.

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருத்தர் வந்து பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, கியர்ல போட்டு, இடது சக்கரத்தை முன்னாடி சுத்தினாரு. வலது சக்கரம் பின்னாடி சுத்துது! “பாத்தியா தம்பி, உள்ள பல்லு எல்லாம் போச்சு, முன்னையும் பின்னையும் கிரவுன் பினியன் மாத்தணும், முப்பதாயிரத்துக்கு மேல ஆகும்”ங்கிறாரு. (கிரவுன் பினியன்னா ஆக்சில் நடுவுல சுத்தைச் சக்கரத்துப் பக்கம் திருப்பிவிடுற பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும்.) எதிர்த்திசையில சுத்துனா போச்சுன்னு அர்த்தமா?

வைகைக்கரை

முன்னாடி ஒரு சக்கரம் மேலூருக்கும் பின்னாடி ஒரு சக்கரம் உசிலம்பட்டிக்கும் போகணும்னு நினைச்சா வண்டி என்ன செய்யும் பாவம். அப்பா வேட்டி வெளுத்துச்சா இல்லையா, அதை முதல்ல சொல்லு.

நாகமலை_ரைடர்

நண்பரே, இரண்டு சக்கரமும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். எதிர்த்திசை என்றால் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) பழுது. முன்பக்கம் இழுக்காததற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் சுற்றைப் பிரித்து அனுப்பும் பெட்டி) செயின் நழுவுவது காரணமாக இருக்கலாம். என் வண்டியில் ஒரு சக்கரம் காற்றில் நின்றாலும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பழைய வண்டிக்குச் செலவு செய்வதைவிட மாற்றிவிடுவது நல்லது.

17ஸ்பானர்

கரிசல் தம்பி, முதல்ல அந்த முப்பதாயிரத்தை உள்ள எடுத்து வை.

ரெண்டு சக்கரத்தையும் தூக்கி, கியர்ல போட்டு, ஒண்ணைச் சுத்தினா இன்னொண்ணு எதிர்த்திசையில சுத்தணும். அப்படிச் சுத்துனா உன் பின் ஆக்சில் நல்லா இருக்குன்னு அர்த்தம். சாதாரண டிஃபரன்ஷியல் அப்படித்தான். மாட்டு வண்டியை நினைச்சுப் பாரு. ரெண்டு சக்கரமும் அச்சுல தனித்தனியா உருளுது, அதனாலதான் திரும்புறப்ப உள்பக்கச் சக்கரம் நிக்க, வெளிப்பக்கச் சக்கரம் வட்டம் அடிக்குது. ஜீப்புல ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 1.25 மீட்டர். ஒரு முழு வட்டம் அடிச்சா வெளிச்சக்கரம் உள்சக்கரத்தை விட 8 மீட்டர் கிட்ட கூட ஓடியாகணும். வட்டம் சின்னதோ பெருசோ, அந்த வித்தியாசம் மாறாது. அந்த 8 மீட்டரைக் குடுக்கத்தான் நடுவுல நாலு சின்னப் பல்சக்கரம் இருக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து ஆக்சிலுக்கு வர்ற நீள ஷாஃப்டைப் பிடிச்சு நிறுத்திட்டா அதுங்க ஒரு பக்கச் சுத்தை அப்படியே திருப்பி அடுத்த பக்கத்துக்குக் குடுக்கும்.

ரைடர் தம்பி, இந்தப் பழைய ஜீப்பு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல செயினே கிடையாது, அத்தனையும் பல்சக்கரம். இல்லாத செயின் நழுவாது. உங்க வண்டியில கம்ப்யூட்டர் என்ன செய்யுது தெரியுமா? சும்மா சுத்துற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்குது. உள்ள இருக்கிறது அதே டிஃபரன்ஷியல்தான். டிராக்டர் ஓட்டுறவன் இடது பிரேக், வலது பிரேக்குன்னு தனித்தனியா மிதிச்சு அந்த வேலையைப் பல வருசமா செஞ்சுக்கிட்டு இருக்கான்.

பிரச்சினை முன்னாடி. நாளைக்கு முன்பக்கம் ரெண்டையும் தூக்கி, ஹப் ரெண்டையும் லாக் பண்ணி, ஒண்ணைச் சுத்திப் பாத்துச் சொல்லு. ஜாக்கியை நம்பி அடியில படுக்காத, ஆக்சிலுக்குக் கட்டை குடு.

போடிமலை_ஜீப்

அண்ணே சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. பழைய ஜீப்புல ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குனீங்கன்னா, ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். தூக்குன சக்கரம் எதிர்த்திசையில சுத்தி வழி விட்டுரும். எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் பஞ்சர் ஒட்டுறப்ப ஜாக்கி சாஞ்சு விரலு போச்சு. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வைக்காம தொடாதீங்க.

கள்ளிக்குடி_கரிசல்

கல்லு வச்சாச்சுண்ணே, நாலு கல்லு. அப்பா அஞ்சாவதா உரலைக் கொண்டு வந்து வச்சாரு.

முன்பக்கம் தூக்கினேன். ஹப் ரெண்டும் லாக். லீவர் ரெண்டு வீல்லயே இருந்துச்சு. இடதைச் சுத்துனா இடது மட்டும் சுத்துது. வலது அசையல. சரி, ஷாஃப்ட் சுத்துதான்னு தம்பியைக் குனிஞ்சு பாக்கச் சொன்னேன், அதுவும் அசையல. வலதைச் சுத்துனாலும் அதே கதைதான். பம்பரம் மாதிரிச் சுத்துது, வேற எதுவும் சுத்தல.

17ஸ்பானர்

அப்ப விசயம் மாட்டிக்கிச்சு.

ஒரு சக்கரத்தைச் சுத்துனா அந்தச் சுத்து எங்கயாவது போய்த்தான் ஆகணும். ஒண்ணு, அடுத்த சக்கரம் எதிர்த்திசையில சுத்தணும். இல்ல, ஷாஃப்ட் சுத்தணும். ரெண்டுல எதுல இழுவை குறைச்சலோ அது சுத்தும். ரெண்டும் சுத்தலைன்னா, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஏதோ ஒண்ணு அறுந்து தனியாச் சுத்துது.

எது அறுந்திருக்கும்? வெளியே இருந்து ஆரம்பி. ஹப் மூடியைக் கழட்டு. நடுவுல ஆக்சில் ஷாஃப்டோட முனை தெரியும். ஹப்பை லாக் பண்ணி சக்கரத்தைச் சுத்து. சக்கரம் சுத்தி முனை நின்னா ஹப் லாக் பிடிக்கல, வேலை அங்கேயே முடிஞ்சுது. முனையும் சேந்து சுத்துனா ஹப் நல்லா இருக்கு, கோளாறு உள்ள. ரெண்டு பக்கமும் பாரு.

லேத்_ராசா

அண்ணே, ஒரு பக்கம் ஹப் பிடிக்கலைன்னா ஒரு பக்கம்தானே போகணும், அடுத்த சக்கரம் ஏன் இழுக்கல? எனக்கு இது ரொம்ப நாளாப் புரியாத சங்கதி. லேத்துல வேலை பாக்குறவனுக்கே புரியலைன்னு சிரிக்காதீங்க.

17ஸ்பானர்

நல்ல கேள்வி, சிரிக்க என்ன இருக்கு. டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் சமமாத்தான் பலம் குடுக்கும். கூடக் குடுக்கவும் தெரியாது, ஒரு பக்கம் பிடிச்சு வைக்கவும் தெரியாது. ஒரு பக்கத்துல எதிர்ப்பே இல்லைன்னா அங்க பலம் பூச்சியம். அப்ப அடுத்த பக்கமும் பூச்சியம். அறுந்த பக்கத்து முனை ரெட்டை வேகத்துல சும்மா சுத்தும், நல்ல பக்கத்துச் சக்கரம் ஒரு இஞ்சு நகராது. ஒரு பக்கம் அறுந்தா முன் ஆக்சிலே செத்துப் போச்சு.

சேத்துல பின்னாடி இடது சக்கரம் மட்டும் சுத்துனதும் அதே கணக்குதான். அங்க எதுவும் அறுகல, வெறும் வழுக்கல். அந்த நேரத்துல கால் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுத்துப் பாரு, சுத்துற சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைச்சு அடுத்ததுக்கும் பலம் போகும். சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது.

கள்ளிக்குடி_கரிசல்

ரெண்டு ஹப்பும் திறந்தாச்சு. கிரீஸ் மஸ்கோத்து அல்வா மாதிரி கெட்டியா இருந்துச்சு, டீசல் ஊத்திக் கழுவினேன். ரெண்டு பக்கமும் சக்கரத்தோட சேந்து ஷாஃப்ட் முனையும் சுத்துது. அப்ப ஹப் நல்லா இருக்கு. உள்ளதான்.

எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு.

நாகமலை_ரைடர்

இடது பக்கம்தான். சேற்றில் இடது சக்கரம் அதிகம் சுற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வைகைக்கரை

அது பின்னாடி இடது, சாமி.

17ஸ்பானர்

வெளியே இருந்து அடிச்சுச் சொல்ல முடியாது. இடது அறுந்தாலும் வலது அறுந்தாலும் வெளியே தெரியுற கூத்து ஒண்ணுதான். கை கொஞ்சம் சொல்லும்: அறுந்த பக்கம் தீப்பெட்டி மாதிரி லேசாச் சுத்தும், நல்ல பக்கம் உள்ள பல்சக்கரத்தையும் சுத்துறதால ஒரு மெல்லிய கனம் இருக்கும். ஆனா பேரிங் டைட்டு, பிரேக் உரசல் எல்லாம் சேந்து கையை ஏமாத்தும். முன் டிஃபரன்ஷியல் கவரைக் கழட்டிரு. ஆயிலை வடிச்சு ஒரு சட்டியில பிடி, அதுல இரும்புத்தூள் மினுக்குதான்னு காந்தம் போட்டுப் பாரு. அப்புறம் ஒவ்வொரு சக்கரமாச் சுத்து. எந்தப் பக்கம் சுத்துறப்ப உள்ள அந்தப் பக்கத்துப் பல்சக்கரம் அசையலையோ, அதான் அறுந்த பக்கம்.

கவர் கழட்டுறதுக்கு முன்னாடி வண்டியில வேற ஏதாவது விசேசம் இருந்தா எழுது. சம்பந்தமில்லைன்னு நினைக்கிறதையும் எழுது.

கள்ளிக்குடி_கரிசல்

பெருசா ஒண்ணுமில்லண்ணே. வாங்குனதுல இருந்து நாலு வீல் போட்டா வண்டி கனமா, யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி போகும். பழைய வண்டி அப்படித்தான்னு விட்டுட்டோம். நாலு வீல் லீவரை எடுக்கவே முடியாது, கொஞ்சம் ரிவர்ஸ் போனாத்தான் வரும். ஆனா ஒரு மாசமா லீவர் வெண்ணெய் மாதிரி வருது. ஆயில் மாத்துனதுல வண்டி சரியாயிருச்சுன்னு அப்பாவுக்குச் சந்தோசம்.

அப்புறம் மீட்டர் 50 காட்டுனா போன்ல 55 காட்டும். கேபிள் பழசு போல.

17ஸ்பானர்

தம்பி, ஒரு மாசமா லீவர் வெண்ணெய் மாதிரி வந்துச்சுன்னா, ஒரு மாசத்துக்கு முன்னாடியே அறுந்துருச்சு. மீதியை நாளைக்கு எழுதுறேன், கவரைக் கழட்டு.

கள்ளிக்குடி_கரிசல்

வலது! வலது சக்கரத்தைச் சுத்துனா உள்ள பல்லு சும்மா நிக்குது. நேத்துப் பூராம் பிரிச்சு வலது ஆக்சில் ஷாஃப்டை உருவிட்டோம். டிஃபரன்ஷியல் கிட்ட, ஸ்ப்ளைன் (முனையில இருக்கிற பல்வெட்டு) ஆரம்பிக்கிற கழுத்துல ஒடிஞ்சிருக்கு. மிச்சத் துண்டு உள்ளயே மாட்டிக்கிட்டு இருந்துச்சு, காந்தம் கட்டி எடுத்தோம். ஒடிஞ்ச முகம் முக்கால்வாசி கருத்துப் பழசா இருக்கு, கால்வாசிதான் புதுசா பளபளன்னு இருக்கு. கிரவுன் பினியன்ல ஒரு பல்லுகூட சேதமில்லண்ணே. உடைக்கிற இடத்துல நல்ல ஷாஃப்ட் ஒண்ணு பேசி வச்சிருக்கேன், நாளைக்கு மாட்டிரலாம். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இழையை மூடிரலாம்.

17ஸ்பானர்

மூடாத. அதை மாட்டுனா அதுவும் ஒடியும்.

முக்கால்வாசி கருத்திருக்குன்னா அது ஒரே அடியில ஒடியல. கொஞ்சங் கொஞ்சமா விரிசல் விட்டு, கடைசிக் கால்வாசி தாங்காம போயிருக்கு. நாலு வருசமா யாரோ அந்த ஷாஃப்டை முறுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. யாருன்னு நீயே எழுதிட்ட. லீவர் வராதது, பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி போறது, மீட்டர் குறைச்சுக் காட்டுறது, மூணும் ஒரே ஆளு. தார் ரோட்டுல நாலு வீல் போட்டா இந்த மாதிரி எந்த வண்டியும் இறுகும், திரும்புறப்ப முன் சக்கரம் பின் சக்கரத்தை விடப் பெரிய வட்டம் போகணும், நடுவுல வித்தியாசம் குடுக்க ஆளில்ல. ஆனா உன் வண்டி காட்டுல நேராப் போறப்பவும் இறுகியிருக்கு.

எனக்குச் சந்தேகம், உன் பின் ஆக்சில் வேற வண்டியோடது. முன் கவர் திறந்துதானே இருக்கு? கிரவுன்ல சாக்பீஸால ஒரு பல்லுக்குக் குறி வச்சு மொத்தப் பல்லை எண்ணு. பினியன் பல்லையும் எண்ணு.

பின்னாடி கழட்ட வேணாம். கல்லு எல்லாம் வச்சு, கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக்கை எடுத்துரு. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கு, அடுத்தது தரையில நிக்கட்டும். டயருக்கும் ஷாஃப்டுக்கும் சாக்பீஸ் கோடு. தூக்குன சக்கரத்தை 20 சுத்து சுத்து, ஷாஃப்ட் எத்தனை சுத்துதுன்னு தம்பியை எண்ணச் சொல்லு. ஒரு சக்கரம் நிக்கிறதால உள்ள கிரவுன் பாதிதான் சுத்தும், அதாவது 10. ஷாஃப்ட் எண்ணிக்கையை 10ஆல வகுத்தா உன் பின் ஆக்சில் கணக்கு.

போடிமலை_ஜீப்

இப்பப் புரியுது. எங்க பக்கம் சில பேரு ரோட்டு ஓட்டத்துக்கு வேகம் பத்தலைன்னு பின் ஹவுசிங்கை மாத்திருவாங்க. முன்னாடியும் மாத்தணும்ல, அதுக்குக் காசு போடமாட்டாங்க. முன்னாடி போற நீள ஷாஃப்டைக் கழட்டி ரெண்டு வீல்லயே ஓட்டுவாங்க. விக்கிறப்ப மறுபடி மாட்டி, நாலு வீல் வண்டின்னு விலை சொல்லுவாங்க.

நாகமலை_ரைடர்

டயர் அளவு வேறாக இருந்தாலும் இப்படி ஆகுமே?

17ஸ்பானர்

ஆகும். இதுல நீங்க சொன்னது சரி. முன்ன ஒரு சைஸ், பின்ன ஒரு சைஸ் போட்டாலும், முன்ன புதுசு பின்ன மொட்டைன்னு இருந்தாலும் கொஞ்சம் இறுகும். தம்பி, டயர் நாலும் ஒரே சைஸா?

கள்ளிக்குடி_கரிசல்

நாலும் ஒண்ணா வாங்குனதுதான், ஒரே சைஸ்.

எண்ணியாச்சு. முன்னாடி கிரவுன் 43, பினியன் 8. மூணு தடவை எண்ணினேன். பின்னாடி 20 சுத்துக்குத் தம்பி எண்ணுனது 48 முக்கால். நம்பாம அப்பா ஒருக்கா எண்ணுனாரு, அவருக்கும் 48 முக்கால்.

17ஸ்பானர்

முன்னாடி 43க்கு 8, அதாவது 5.38. பின்னாடி 4.88, அது 39க்கு 8. வேற வேற ஆக்சில்.

இப்ப கணக்கு பாரு. நாலு வீல் போட்டா முன்னாடி போற நீள ஷாஃப்டும் பின்னாடி போறதும் ஒரே வேகத்துல சுத்தியாகணும். பின் சக்கரம் 100 மீட்டர் போற நேரத்துல முன் சக்கரம் 91 மீட்டர் கூடப் போக முடியாது. வண்டி ஒண்ணுதான், ரெண்டும் ஒரே தூரம் போகணும். மிச்ச 9 மீட்டரை எங்கிட்டாவது டயர் வழுக்கித்தான் தீக்கணும். சேத்துல வழுக்கிரும், தெரியாது. காஞ்ச தரையில வழுக்க இடமில்லாம ஷாஃப்டை முறுக்கும். அந்த முறுக்குல பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இறுகி நிக்கிறதாலதான் லீவர் வராது, ரிவர்ஸ் போனா முறுக்கு அவுந்து வரும். ஷாஃப்ட் ஒடிஞ்ச அன்னைக்கு முறுக்குறதுக்கு ஆளில்லாம போச்சு, லீவர் வெண்ணெய் ஆயிருச்சு.

மீட்டரும் அதே கதை. அது டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து எடுக்குது, 5.38க்குன்னு செஞ்ச பல்லு. 50 காட்டுறப்ப நிசமா 55. உன் கேபிள் மேல ஒரு குத்தமும் இல்ல.

லேத்_ராசா

எதை மாத்துறது அண்ணே, முன்னையா பின்னையா?

17ஸ்பானர்

மூட்டை ஏத்துற வண்டி, கரிசல் காடு. 5.38தான் இழுவைக்கு நல்லது, மீட்டரும் சரியாயிரும். பின்னாடியை மாத்து. தனியா கிரவுன் பினியன் வாங்குறதை விட, 43க்கு 8 உள்ள முழு ஆக்சில் கிடைச்சா மேல். பல்லை மட்டும் மாத்துனா இடைவெளிக்கு ஷிம் (மெல்லிசுத் தகடு) வச்சு, பல்லுல சாயம் தடவி, சுத்திப் பாத்து, தடம் பல்லு நடுவுல விழுதான்னு பாக்கணும். பொறுமை இல்லாதவன் கையில குடுத்தா மூணு மாசத்துல ஊளையிடும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த இடத்துலயே சாக்பீஸ் வச்சு எண்ணிரு. கடைக்காரர் வாய்க்கணக்கை நம்பாத.

அதுவரைக்கும் முன் ஹப்பை லாக் பண்ணாத, ரெண்டு வீல்லயே ஓட்டு.

கள்ளிக்குடி_கரிசல்

மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணும், பருத்தி வேலை.

கப்பலூர்ப் பக்கம் ஒரு இடத்துல பழைய ஆக்சில் கிடைச்சுது. மூடியே கழட்டாம, கட்டையில வச்சு ஒரு பக்கத்தைக் காலால மிதிச்சுக்கிட்டு அடுத்த பக்கத்தை 20 சுத்து சுத்தி எண்ணினேன். கடைக்காரர் என்னைக் கிறுக்கன் மாதிரி பாத்தாரு. 53 முக்கால் வந்துச்சு. எண்ணி முடிச்சப்புறம், “இதை எங்க தம்பி படிச்ச?”ன்னு கேட்டு டீ வாங்கிக் குடுத்தாரு, விலைய மட்டும் குறைக்கல.

பின் ஆக்சிலும் முன் வலது ஆக்சில் ஷாஃப்டும் மாட்டியாச்சு. முன்னாடி தூக்கி இடதைச் சுத்தினேன், வலது எதிர்த்திசையில சுத்துச்சு. இவ்வளவு நாள் அதைப் பாத்துத்தான் பயந்துக்கிட்டு இருந்தோம்! மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு நினைச்சேன், அப்பா வேணாம்னுட்டாரு, மனுசன் நம்ம ஊருக்கு வந்து போறவரு. மீட்டர் 50க்குப் போன்லயும் 50.

நேத்து மழையில அதே ஓடை இறக்கம். நாலு வீல் போட்டேன், முன் சக்கரம் மண்ணைக் கவ்வி இழுத்து ஏறிருச்சு. மேல வந்து லீவரை ஒரு விரலால தள்ளினேன், வந்துருச்சு. பக்கத்துல உக்காந்திருந்த அப்பாவுக்கு மூஞ்சி மாறிப்போச்சு. “என்னடா இம்புட்டு லேசா வருது, திரும்ப ஒடிஞ்சிருச்சா?”ன்னு இறங்கி முன் சக்கரத்துக்கு அடியில குனிஞ்சு பாக்க ஆரம்பிச்சுட்டாரு.